துடைத்த உரல்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதையும் உள்ளபடி குடிக்கத் தெரியாது. கோகோ என்றால் கோகோ. வறுத்து, இடித்து, கொதிக்கிற தண்ணீரில் கரைத்து, சர்க்கரை போட்டுக் குடித்துவிட்டு, அடியில் தங்குகிற திப்பியையும் மென்று விழுங்கிவிட்டு வேலைக்குப் போக வேண்டியதுதான். அதில் ஆரஞ்சு இலை போடு, மிளகாய் போடு, இஞ்சியை நசுக்கிப் போடு, தேங்காய்ப் பாலை நுரைத்து மேலே ஊற்று, அதற்கும் மேலே கடல் உப்பைத் தூவு என்கிறார்கள். போட்டுக் கொடுத்தால் குடிக்கிறார்களா? போட்டோ எடுக்கிறார்கள். எடுத்து முடிப்பதற்குள் ஆறிவிடுகிறது. ஆறியதைத் திருப்பிக் கொண்டுவந்து, "சூடே இல்லையே" என்கிறார்கள்.

பிள்ளைகள் அதற்கும் மேல். ஒன்றுக்குப் பால் ஆகாது. ஒன்றுக்குக் கோதுமை ஆகாது. ஒன்றுக்கு முட்டை. ஒன்றுக்குக் கடலை. விலியாமு சிறுவனாக இருந்தபோது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத சங்கதி ஒன்றே ஒன்றுதான் இருந்தது: பட்டினி.

மகள் எபெனேசா கோகோ வண்டி போட்டு இது மூன்றாவது குளிர்காலம். மூன்று குளிர்காலமாக விலியாமு இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நியூசிலாந்தின் தென்கோடியில், இன்வர்கார்கில் ஊரில் இருக்கிற சாமோவா ஜனங்கள் அத்தனை பேருக்கும் இது மனப்பாடம். சர்ச்சில் அவர் வாயைத் திறந்தாலே, "ஆரம்பிச்சுட்டாருப்பா" என்று நகர்ந்துவிடுவார்கள்.

மூன்று நாளாக அவர் அதைச் சொல்லவில்லை.

போன சனிக்கிழமை குளிர்காலத் திருவிழாவில் அலபாத்தியின் மகள் மாசினா, ஒன்பது வயது, எபெனேசாவின் வண்டியில் ஒரு கோப்பை வாங்கிக் குடித்தாள். ஆரஞ்சு இலையும் தேங்காய்ப் பாலும் போட்டது. பலகையில் 'ஞாயிற்றுக்கிழமை' என்று அதற்குப் பெயர். அரை மணி கழித்து ராட்டினத்துக்குப் பக்கத்தில் விழுந்தாள். உதடு வீங்கி, மூச்சு சீட்டியடித்தது. தாய் லாங்கி எப்போதும் பையில் வைத்திருக்கிற ஒவ்வாமை ஊசியைத் தொடையில் குத்தினாள். ஆம்புலன்ஸ் வந்தது. அன்றைக்கு மூடிய கண்ணைக் குழந்தை இன்னும் திறக்கவில்லை.

மாசினாவுக்கு வேர்க்கடலை ஆகாது. ஊருக்கே தெரியும். அவளே ஒவ்வொரு தடவையும் கேட்பாள். அன்றைக்கும் கேட்டாள்.

"எபெனேசா அக்கா, கடலை இருக்கா?"

"இதுல இல்லடி தங்கம்."

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி. வெளியே இருட்டு. ஜூலையில் இந்த ஊர்ச் சூரியன் எட்டரைக்குத்தான் எழுந்திருக்கும், அதுவும் மனமில்லாமல்.

எபெனேசா அடுப்பங்கரையில் ஆறு கோப்பைகளை வரிசையாக வைத்திருந்தாள். ஆறிலும் கோகோ. ராத்திரி முழுக்கத் தூங்காத கண். மேலே குளிர்ச்சட்டை, அதற்கு மேல் வண்டியில் கட்டுகிற ஏப்ரன். சனிக்கிழமை செய்ததை அப்படியே திரும்பச் செய்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல தண்ணி. அது கொதிக்கறப்ப ஆரஞ்சு இலை எட்டு. இலைய எடுத்துட்டு கோகோ கட்டியத் துருவிப் போட்டேன். சர்க்கரை. தேங்காப் பால் கடைசியில. மிளகாய்க்கு அந்தச் சட்டி, இஞ்சிக்கு இந்தச் சட்டி." கையைக் காற்றில் வைத்துக் கரண்டி எடுக்கிற மாதிரி எடுத்தாள். "அப்பா, நீங்க பாத்தீங்கல்ல? நான் எந்தக் கரண்டிய எடுத்தேன்?"

"நான் என்னத்தப் பாத்தேன்? தண்ணி பிடிக்கப் போயிருந்தேன்."

"கடலை போட்டு விக்கற கோப்பைக்குத் தனிச் சட்டி. தனி மிஷின். தனிக் கரண்டி, பிடியில செவப்பு டேப் சுத்தி வச்சிருக்கேன். நான் அதத் தொடவே இல்ல. தொடலதான?" முதல் கோப்பையை எடுத்துக் குடித்தாள். வாயில் வைத்துக்கொண்டே கண்ணை மூடினாள். "ஒண்ணும் தெரியல. நாக்கு செத்துப் போச்சு. நீங்க குடிச்சுப் பாருங்க."

"எனக்கு எதுக்கு?"

"குடிங்கப்பா!"

குடித்தார். சூடு நெஞ்சு வரை இறங்கியது. ஆரஞ்சு இலை வாசனை மூக்குக்குப் பின்னால் ஏறியது. திப்பி பல்லில் பட்டது. கடலையை நாக்கில் தேடினார். மேலண்ணத்தில் தேடினார். இல்லை.

"கோகோதான்," என்றார்.

வாயில் இல்லாதது எப்படி ஒரு குழந்தையின் தொண்டையை அடைக்கும்? மூன்று நாளாக அவரை அரித்துக்கொண்டிருக்கிற கேள்வி அதுதான். வேறு யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்டால், எதற்குக் கேட்கிறாய் என்பார்கள்.

மேசையில் எபெனேசாவின் போன் அதிர்ந்தது. எடுத்துப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் சட்டியில் ஆறுகிற பால் மாதிரி ஏடு கட்டியது.

"லாங்கி. டாக்டருங்க இது கடலைன்னு இப்ப நம்பலையாம். நெஞ்சுல ஏதோ கோளாறுன்னு சந்தேகப்படறாங்க. பன்னெண்டு மணிக்கு விமானத்துல ஆக்லாந்துக்குக் கொண்டுபோறாங்க. நெஞ்சுக்குள்ள குழாய் விட்டுப் பாக்கணுமாம்." போனைக் கவிழ்த்து வைத்தாள். "இந்த நெலமையில மயக்க மருந்து குடுக்கறதே ஆபத்துன்னு எழுதிக் கையெழுத்து வாங்கிட்டாங்களாம்."

விலியாமு கோப்பையைக் கீழே வைத்தார். சத்தம் கொஞ்சம் பெரிதாகவே கேட்டது.

"என்னாலதான். மூணு தடவ கேட்டாங்க, கோப்பையில என்னென்ன இருந்துச்சுன்னு. கடலை இல்லன்னு சத்தியம் பண்ணேன். அத நம்பித்தான் இப்ப நெஞ்சக் கிழிக்கப் போறாங்க. ஒருவேளை நான் கரண்டிய மாத்தி எடுத்திருந்தா? பொய்ச் சத்தியம் பண்ணிட்டேனோ?"

"நீ பொய் சொல்லல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவருக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலையில் கடலை அரைக்கிற மிஷின் புகைந்து நின்றுபோனது. எபெனேசா திருவிழாத் திடலுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போயிருந்தாள். இரண்டு கிலோ வறுத்த கடலை அப்படியே கிடந்தது. இந்த மிஷின்களை நம்பினால் இப்படித்தான் என்று விலியாமு தனக்குத்தானே திட்டிக்கொண்டு, கடலையை மர உரலில் கொட்டி இடித்தார். கோகோ இடிக்கிற அதே உரல். முப்பது வருஷம் இறைச்சித் தொழிற்சாலையில் நின்ற மனுஷனுக்கு இப்போது வீட்டில் மிச்சம் இருக்கிற வேலை அது ஒன்றுதான். இடித்த விழுதை மிஷின் ஜாடியிலேயே வழித்துப் போட்டார். இல்லாவிட்டால் மகள் கத்துவாள்.

பிறகு உரலைத் தேங்காய் நாரால் துடைத்தார். அழுத்தித்தான் துடைத்தார்.

கோகோ உரலைக் கழுவக் கூடாது. தண்ணீர் பட்டால் மரம் ஊறிக்கொள்ளும். சோப்புப் போட்டால் அடுத்த பத்து இடிக்கும் சோப்புதான் மணக்கும். எந்தச் சாமோவா வீட்டிலும் கேட்டுப் பார்க்கலாம். அவர் எபெனேசாவை அந்த உரல் பக்கமே விட்டதில்லை, எங்கே கழுவிவிடுவாளோ என்று. அன்று சாயங்காலம் முழுக்க, சனிக்கிழமைக்கு வேண்டிய கோகோ அத்தனையையும், துடைத்த அந்த உரலில்தான் இடித்தார்.

மரம் எண்ணெயைக் குடிக்கும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? அதனால்தானே சோப்பைச் சேர்ப்பதில்லை.

"பாயை எடு," என்றார்.

எபெனேசா திரும்பிப் பார்த்தாள். "எங்க போறீங்க?"

"அலபாத்தி வீட்டு வாசலுக்கு. ஆஸ்பத்திரியிலேருந்து துணி எடுக்க வந்திருப்பான். விடியறதுக்குள்ள போயிடணும்."

ஒரு வீட்டால் இன்னொரு வீட்டுக்குத் தீங்கு வந்துவிட்டால், தீங்கு செய்த வீட்டின் தலைவர் போய் அந்த வாசலில் மண்டியிட வேண்டும். குடும்பத்தின் மெல்லிய பாயைத் தலையோடு போர்த்திக்கொள்ள வேண்டும். அந்த வீட்டுக்காரர் வந்து பாயை எடுத்தால் மன்னித்தார் என்று அர்த்தம். எடுக்கவில்லை என்றால் எழுந்திருக்கக் கூடாது. சாமோவாவில் வெயிலில் உட்காருவார்கள். இங்கே உறைபனியில்.

"தப்பு பண்ணது நானு. நான்தான் உக்காரணும்," என்றாள் எபெனேசா.

"வீட்டுக்குத் தலைவன் நீயா நானா?"

"அப்ப ரெண்டு பேரும்."

அவளோடு வாதாடி அவர் ஒருநாளும் ஜெயித்ததில்லை.

அலபாத்தி வீட்டுக்கு முன்னால் புல்லெல்லாம் வெள்ளையாக விறைத்து நின்றது. சிமெண்ட் பாதையில் முட்டி போட்டதும் விலியாமுவின் எலும்புக்குள் குளிர் ஆணி இறங்கியது. எழுபத்து மூன்று வயது முட்டி. எபெனேசா பாயை விரித்து இரண்டு பேர் தலைமேலும் போர்த்தினாள். உள்ளே இருட்டு. பாயின் பழைய ஓலை வாசனை, இரண்டு பேர் மூச்சின் கோகோ வாசனை.

வீட்டில் ஒரு விளக்கு எரிந்தது. யாரும் வரவில்லை.

அரை மணி. கால் மரத்துப் போனது. தெற்கிலிருந்து வருகிற காற்று பாயின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனது. எபெனேசாவின் பல் கிடுகிடுத்தது. அவள் ஜெபம் செய்கிறாள் என்று முதலில் நினைத்தார். காதை வைத்துக் கேட்டால், "தண்ணி, இலை எட்டு, கட்டி, சர்க்கரை, பால்," என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

சொல்லிவிடலாம். இப்போதே, இந்த இருட்டிலேயே, அவள் காதில் மட்டும். வாய் வரை வந்தது. வந்த இடத்திலேயே நின்றது.

செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு நாய் மோப்பம் பிடித்தது. பாய்க்கு வெளியே ஒரு கிழவியின் குரல்.

"யாருங்க அது? நல்லாத்தான இருக்கீங்க?"

எதிர்வீட்டு வெள்ளைக்காரி மேவிஸ்.

"நல்லா இருக்கோம்," என்றார் விலியாமு பாய்க்குள்ளிருந்து.

"பாய் விக்க வந்தீங்களா? பாவம், அந்த வீட்ல இப்ப யாரும் வாங்கற நெலமையில இல்லைங்க. பொண்ணு ஆஸ்பத்திரியில கிடக்கு."

எபெனேசாவின் தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று அவருக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

"விக்க வரலம்மா."

"இந்தக் குளிர்ல விறைச்சுப் போவீங்க. சூடா கோகோ போட்டுட்டு வரட்டா? பாக்கெட்தான். தண்ணி ஊத்திக் கலக்கினா ஆச்சு."

"வேணாம்!"

அதட்டலாகவே வந்துவிட்டது. நாய் குரைத்தது. செருப்பு விலகிப் போனது.

கதவு திறக்கிற சத்தம். கனமான பூட்ஸ் இரண்டு படி இறங்கி, பாய்க்கு முன்னால் நின்றது.

"பெரியவரே." அலபாத்தியின் குரல் மணலில் அரைத்த மாதிரி இருந்தது. "எழுந்திரிங்க."

எபெனேசா தலையைத் தரை வரை தாழ்த்தினாள். "அலபாத்தி அண்ணா, நான்தான்... கரண்டி..."

"உன் மேல தப்பில்லம்மா. டாக்டரே சொல்லிட்டாரு. கடலை இல்லையாம், அவ நெஞ்சுலயே ஏதோ இருந்திருக்காம். எங்க போனாலும் விழுந்திருப்பா." மூக்கை உறிஞ்சினான். "மூணு நாளா உன்னைத் திட்டித் தீத்துட்டேன். சர்ச்சுல நாலு பேர் முன்னால வேற. நான்தான் உங்க வாசல்ல வந்து உக்காரணும்."

பாய் விலகியது. குளிரும் வாசல் விளக்கின் வெளிச்சமும் சேர்ந்து முகத்தில் அறைந்தன. அலபாத்தியின் கையில் குழந்தையின் ஊதா நிறக் கம்பளித் தொப்பி இருந்தது. ஆக்லாந்துக்கு எடுத்துப்போகிற சாமான்.

எபெனேசா அந்த இடத்திலேயே கதறினாள். மூன்று நாள் கல் இறங்கிய அழுகை. அலபாத்தி குனிந்து அவள் கையைப் பிடித்துத் தூக்கினான். பிறகு கிழவரிடம் கையை நீட்டினான்.

எழுந்திருக்க வேண்டியதுதான் பாக்கி. கையைப் பிடித்து எழுந்து, முட்டியைத் தட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் அடுப்புப் பக்கத்தில் உட்காரலாம். மகள் தப்பித்தாள். வீடு தப்பித்தது. டாக்டரே சொன்ன பிறகு, பள்ளிக்கூடத்தை நாலு வருஷத்தோடு விட்டவன் மேலே என்ன பேச? அவரும் மூன்று நாளாகத் தனக்குத்தானே அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தார், துடைத்த உரலில் என்ன இருந்துவிடப் போகிறது என்று. படித்தவனும் அதையேதான் சொல்கிறான்.

பன்னிரண்டு மணிக்கு விமானம். குழாய். மயக்க மருந்து.

விலியாமு அலபாத்தியின் கையைப் பிடிக்கவில்லை. தரையில் கிடந்த பாயை இழுத்து மறுபடியும் தன் தலையில் போட்டுக்கொண்டார்.

"அப்பா?" என்றாள் எபெனேசா.

"கடலைதான்," என்றார் பாய்க்குள்ளிருந்து. "வெள்ளிக்கிழம கோகோ உரல்ல கடலைய இடிச்சேன். தண்ணி காட்டல. நார வச்சுத் தொடச்சேன், அவ்வளவுதான். அதுலயேதான் சனிக்கிழமைக் கோகோவ இடிச்சேன். எபெனேசாவுக்குத் தெரியாது. அவ சத்தியம் பண்ணது நிஜம். டாக்டருங்க கிட்டச் சொல்லு. விமானம் வேணாம்னு சொல்லு."

அலபாத்தியின் பூட்ஸ் ஒரு அடி பின்னால் போனது.

"எப்ப தெரியும் உங்களுக்கு?" அலபாத்தியின் குரல் இல்லை அது. வாசற்படியிலிருந்து வந்தது. லாங்கி. அவளும் சாமான் எடுக்க வந்திருந்தாள், எப்போது வந்து நின்றாளோ.

"அவ விழுந்தன்னிக்கே."

"மூணு நாளு."

"நம்பல நான். தொடச்ச உரல்ல..."

"மூணு நாளா அவ நெத்தியில கை வச்சுக்கிட்டு, என்னாச்சுடி, என்னாச்சுடின்னு கேட்டுட்டிருக்கேன். நீங்க இங்க அடுப்புப் பக்கத்துல உக்காந்துட்டு நம்பல."

பூட்ஸ் படியேறி ஓடியது. உள்ளே அலபாத்தி போனில் கத்துவது கேட்டது. "உரல்! மர உரல்! கடலை இடிச்சிருக்காங்க! ஆமா, அதே உரல்லதான்!" ஆங்கிலத்தில் உரலுக்குச் சொல் கிடைக்காமல், 'மரத்தால செஞ்ச பெரிய கிண்ணம்' என்று மூன்று தடவை விளக்கினான்.

பாய்க்குள் விலியாமு தனியாக இருந்தார். பக்கத்தில் எபெனேசா இல்லை. நின்றுகொண்டிருந்தாள், அவருக்குத் தெரிந்தது. அவள் பூட்ஸ் நுனி தெரிந்தது. அது அவர் பக்கம் திரும்பவில்லை.

"அந்த உரல்ல என்னக் கை வைக்க விடமாட்டீங்க," என்றாள் மெதுவாக. "சோப்பு பட்டா கெட்டுடும்னீங்க."

"கெட்டுடும்."

"இப்பவும் அதத்தான் சொல்றீங்களா?"

விலியாமு பாயின் ஓரத்தைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது. முட்டியில் வலி நின்று, முட்டியே இல்லாத மாதிரி ஆனது. கடைசியில் அலபாத்தி வெளியே வந்தான்.

"விமானத்த நிறுத்திட்டாங்க. ரத்தத்த மறுபடி பாக்கறாங்களாம். வேற மருந்து ஆரம்பிக்கறாங்களாம்." மூச்சு வாங்கினான். "கண்ணு இன்னும் தொறக்கல."

அவன் பாயைத் தொடவில்லை. தொட அவனுக்குக் கை வரவில்லை. லாங்கிதான் வந்தாள். விடிந்தும் தூங்குகிறவன் போர்வையை உருவுகிற மாதிரி ஒரே இழுப்பில் பாயை எடுத்தாள். மடிக்கவில்லை. அப்படியே கொண்டுபோய் வீட்டுக்குள் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். பாயை வாங்கிக்கொண்டால் மன்னித்ததாக வழக்கம். வாங்கிக்கொண்டாள். கிழவர் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

"எபெனேசா, கார்ல ஏறு," என்றாள். "நீதான் டாக்டர்கிட்டச் சொல்லணும். எத்தன கிலோ, எத்தன நேரம் இடிச்சாருன்னு எல்லாம் கேப்பாங்க."

"எனக்குத் தெரியாதே. அப்பாவுக்குத்தான்..."

"ரெண்டு கிலோ," என்றார் விலியாமு, இன்னும் முட்டியிலேயே. "கால் மணி நேரம் இடிச்சேன். நானும் வரேன்."

லாங்கி காரின் பின்கதவைத் திறந்தாள். எபெனேசா ஏறினாள். கதவு சாத்தப்பட்டது. கார் போனது. ஜன்னலில் ஊதாத் தொப்பி தெரிந்தது. எபெனேசா அதை இரண்டு கையாலும் பிடித்து மடியில் வைத்திருந்தாள்.

விலியாமு வேலிக் கட்டையைப் பிடித்து, ஒரு காலாக, பிறகு இன்னொரு காலாக எழுந்தார். சூரியன் வந்திருந்தது. சூடு இல்லை.

எதிர்வீட்டு மேவிஸ் வாசலில் ஆவி பறக்கிற கோப்பையோடு நின்றாள். வேண்டாம் என்று சொன்ன பிறகும் கலக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். இந்தக் காலத்து ஜனங்கள்.

"அட, வித்துட்டீங்க போலிருக்கே! எடுத்துக்கிட்டாங்களா?"

"எடுத்துக்கிட்டாங்க."

"நல்ல விலைக்கா?"

"விலை இன்னும் சொல்லல," என்றார்.

அவள் நீட்டிய கோப்பையை வாங்காமல் தெருவில் இறங்கினார். ஆஸ்பத்திரி இடது பக்கம், நடந்தால் முக்கால் மணி. வீடு வலது பக்கம். கொஞ்ச நேரம் நின்றார். காலையில் குடித்தது வாயில் இன்னும் இருந்தது. நாக்கைச் சுழற்றிப் பார்த்தார். ஆரஞ்சு இலை. கோகோ. பல்லிடுக்கில் ஒரு திப்பி. அதையும் கடித்துப் பார்த்தார்.

கடலை இல்லை. எங்கேயும் இல்லை.

தலையை ஆட்டிக்கொண்டே, காற்றுக்கு எதிராக, இடது பக்கம் நடந்தார்.